குவாலா தெக்குவில் குடித்த தண்ணீர்

ஜூன் 9
தம்பியோடு குனோங் தஹான் மலை ஏறி இறங்கி வீடு வந்தாச்சு. இடது காலில் மட்டும் அட்டை கடித்த இடம் பதினேழு. அம்மா காய்ச்சி ஆறவைத்த தண்ணீரை மூன்று மக்கு குடித்தேன். பினாங்கு பைப் தண்ணீரையே காய்ச்சாமல் நம்பாதவர். "காட்டுல என்னத்தடா குடிச்சீங்க?" என்றார். ஃபில்டர் இருந்துச்சும்மா என்றேன்.

ஜூன் 10
தூக்கம்.

ஜூன் 11
ஃபில்டரைக் கழுவ எடுத்தவன் கழுவாமல் உட்கார்ந்திருக்கிறேன். மூன்றாம் நாள், மலை வழியில் குவாலா தெக்கு முகாமில், மழையில் ஆறு தே தாரிக் (பால் தேநீர்) நிறத்தில் ஓடியது. துணியில் வடிகட்டி, மண் அடியில் தங்கும்வரை விட்டிருக்கணும். விடவில்லை. ஃபில்டர் அடைத்துக்கொண்டது, தண்ணீர்ப் பையைப் பிழியப் பிழியச் சொட்டுதான். தம்பி தாகம், தாகம் என்றான். ஃபில்டரைப் பாறையில் இரண்டு தட்டுத் தட்டினேன். சரசரவென்று வந்தது! பெரிய கெட்டிக்காரன் என்று நினைப்பு.

உள்ளே இருப்பது சேமியா மாதிரி குழாய்க் கொத்து. அதன் சுவர்த் துளைகள் 0.1 மைக்ரான், பாக்டீரியா, ஜியார்டியா ஒட்டுண்ணி எல்லாம் வெளியே நின்றுவிடும், வைரஸ் நிற்காது. ஆனால் குழாயே உடைந்தால்? தண்ணீர் துளை பார்த்தா போகும்? உடைசல் வழியாகப் பாய்ந்துவிடும். அப்படித்தான் சரசரவென்று வரும்.

ஜூன் 12
நனைந்த ஃபில்டரில் ஊதிப் பார்த்தேன். நல்ல ஃபில்டரில் காற்று போகாது. போனது.

ஜூன் 13
மறுபடி ஊதினேன். போனது.

ஜூன் 14
பாலிக் புலாவிலிருந்து மாமா டுரியான் கொண்டுவந்தார். நான்கு சுளை. எனக்கு ஒன்றும் ஆகாது.
முதுகுப்பையின் அடியில் தண்ணீரில் கிருமி கொல்லும் குளோரின் டையாக்ஸைடு மாத்திரை பிரிக்காமல் கிடக்கிறது. கிரிப்டோஸ்போரிடியம் என்ற ஒட்டுண்ணி சாக நான்கு மணி நேரமாம். அதுவரை யார் காத்திருப்பது என்று நானும் தம்பியும் சிரித்தோம்.

ஜூன் 16
கெஞ்சிங் தீகுஸ் (எலிக்காய்ச்சல்) பற்றித் தேடியிருக்கக்கூடாது. எலி மூத்திரம் ஆற்றில் கலந்து வருவது. 2 நாளிலும் காட்டும், 30 நாள் கழித்தும் காட்டும். காய்ச்சல், கெண்டைக்கால் வலி, கண் சிவப்பு. கிருமி திருகாணி மாதிரி, தடிப்பு 0.1 மைக்ரான்தான், உடையாத ஃபில்டரில்கூட நழுவக்கூடும். அப்போ என் தப்பில்லை. அதோடு, அட்டை கடித்த காலோடு நாளெல்லாம் தஹான் ஆற்றைக் கடந்தோம். புண் வழியாகவும் ஏறும். மத்தியானம் வரை நிம்மதி.

அப்புறம் அடுப்பு ஞாபகம் வந்தது. ஒரு நிமிடம் தளதளவென்று கொதித்தால் எல்லாமே செத்திருக்கும். 2187 மீட்டர் உச்சியில்தான் 3 நிமிடம், அங்கே சூடு குறைவிலேயே கொதித்துவிடும். கேஸை மிச்சம் பிடித்தோம். மெகிக்குக் கொதிக்க வைத்தோம், குடிக்க வைக்கவில்லை.

ஜூன் 17
"குடிடா, ஃபில்டர் பண்ணதுதான்." அந்தப் போத்தலை நீட்டியது நான். அவனிடம் இன்னும் சொல்லவில்லை.

ஜூன் 18
அம்மாவோடு தண்ணீர்மலை முருகன் கோவில். படியேறும்போது மூச்சு வாங்கியது. காய்ச்சலா, தொப்பையா தெரியவில்லை. அம்மா யாருக்காக வேண்டினார் என்று கேட்கவில்லை.

ஜூன் 19
காய்ச்சல் பார்த்தேன், 36.8 டிகிரி. மறுபடி 36.7.

ஜூன் 20
கோலாலம்பூரிலிருந்து தம்பி: "அண்ணே, ரெண்டு நாளா கெண்டைக்கால் வலிக்குது. மலை ஏறுன வலி இன்னும் விடல போல."
கண் சிவந்திருக்கா என்று கேட்டேன்.
ஏன் கேக்குறீங்க என்கிறான்.