ஹோசலைக் காட்டாத படம்

என் அறையின் மூலையில் ஒரு டிரைவர், அதாவது கோல்ஃபில் பந்தை வெகுதூரம் அடிப்பதற்கான கிளப் (மட்டை), சாத்தி வைக்கப்பட்டிருக்கிறது. அதைக் கொண்டு நான் பந்தடிப்பதில்லை. பிறருக்கு விற்கவும் மனம் வரவில்லை. போலி என்று தெரிந்த பிறகும் விற்றால், என்னை ஏமாற்றியவருக்கும் எனக்கும் வேறுபாடு இல்லாமல் போய்விடும். பெயர்பெற்ற நிறுவனத்தின் முத்திரை, பளபளக்கும் தலைப்பகுதி, அதற்கான உறை, கையேடு என்று எல்லாமே அதனுடன் வந்தன. இணைய ஏலம் ஒன்றில், புதிய கிளப்பின் விலையில் பாதிக்கும் குறைவான தொகைக்கு அதை வென்ற இரவில் எனக்குத் தூக்கம் வரவில்லை. பின்னர் வேலை நெருக்கடியில் பெட்டியைப் பல வாரங்கள் திறக்காமலே வைத்திருந்தேன். ஆடத் தொடங்கிய மூன்றாம் நாள், தலையும் ஷாஃப்ட் என்ற தண்டும் சேருமிடத்தில் உள்ள கருப்பு வளையம் மேலேறியிருந்தது. தலையைப் பிடித்துத் திருகியபோது அது ஷாஃப்டின் மேல் சுழன்றது. முறையிடுவதற்கான காலக்கெடு அதற்குள் முடிந்துவிட்டிருந்தது.

அந்த ஏலத்தில் இடப்பட்டிருந்த படங்களை நான் சேமித்து வைத்திருந்தேன். அவற்றை மீண்டும் எடுத்துப் பார்த்தபோதுதான் ஒன்று புரிந்தது. ஐந்து படங்களில் நான்கு தலையின் மேற்பரப்பையும் அடிப்புறத்து முத்திரையையும் காட்டின. ஐந்தாவது, உறையைக் காட்டியது. ஷாஃப்ட் செருகப்படும் கழுத்துப் பகுதியான ஹோசல் ஒரு படத்தில்கூடத் தெளிவாக இல்லை. போலி கிளப் என்பது ஆடுவதற்காகச் செய்யப்படுவதில்லை, படம் எடுப்பதற்காகச் செய்யப்படுகிறது. ஆகவே படத்தில் எடுப்பாகத் தெரியும் இடங்களில்தான் அதைச் செய்தவர் தம் உழைப்பைச் செலவிடுகிறார். அவர் அக்கறை காட்டாத இடங்களைத்தான் வாங்குபவர் தேடிப் பார்க்க வேண்டும். தானமாக வந்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாது என்பார்கள். ஏலத்தில் வருவது தான மாடு அன்று.

எந்த ஏலத்திலும் இப்போது நான் முதலில் கேட்பது ஹோசலின் அண்மைப் படத்தைத்தான். பெரும்பாலான நிறுவனங்கள் வரிசை எண்ணை அங்கேதான் பொறிக்கின்றன. உண்மையான கிளப்பில் அந்த எண் உலோகத்தில் அழுத்தியோ லேசரால் செதுக்கியோ சீராக இருக்கும். போலியில் எழுத்துகள் ஏறி இறங்கியிருக்கும், ஆழம் மாறுபடும், சில நேரங்களில் ஒட்டுப்படமாகவே இருக்கும். நடுத்தூர அடிகளுக்கான அயர்ன் கிளப்புகளின் செட்டுகளில் பல நிறுவனங்கள் ஏதேனும் ஒரு கிளப்பில் மட்டுமே எண்ணைப் பொறிப்பதால், மற்றவற்றில் எண் இல்லை என்பதற்காகக் கலங்க வேண்டியதில்லை. பிங் நிறுவனத்தின் முறை வேறு. அங்கே ஒரு செட்டின் அயர்ன்கள் எல்லாவற்றிலும் ஒரே எண் இருக்கும். கிளப் தரையில் அமரும் கோணத்தைக் குறிக்கும் வண்ணப் புள்ளியும் இருக்கும். கருப்புப் புள்ளி வழக்கமான கோணம், சிவப்பு அதைவிடத் தட்டையானது, நீலம் அதைவிட நிமிர்ந்தது. அந்த எண்ணை நிறுவனத்திடம் தந்தால், அந்த செட் முதலில் எந்த அளவுகளில் செய்யப்பட்டது என்று சொல்லிவிடுவார்கள். செட் ஒன்றில் மூன்று கிளப்புகளில் கருப்பும் இரண்டில் நீலமும் இருந்தால், அது போலியாக இல்லாவிட்டாலும் பல செட்டுகளிலிருந்து பொறுக்கிச் சேர்த்ததாக இருக்கலாம்.

வரிசை எண் இருப்பதே உண்மைக்குச் சான்று என்று நினைப்பது நான் செய்த இரண்டாவது பிழை. போலி செய்பவர்கள் ஓர் உண்மையான கிளப்பின் எண்ணை எடுத்து, அதையே ஒரு தொகுதி முழுவதிலும் பொறித்துவிடுகிறார்கள். நிறுவனத்தின் பதிவில் அந்த எண் இருக்கும். ஆனால் அது உங்கள் கையில் உள்ள கிளப்பின் எண் ஆகாது. எனவே எண்ணை நிறுவனத்திடம் விசாரிக்கும்போது அது செல்லுமா என்று மட்டும் கேட்காமல், எந்த மாடல், எத்தனை டிகிரி லாஃப்ட் (பந்தில் படும் முகப்பின் சாய்வு), எந்த ஷாஃப்ட், வலக்கையா இடக்கையா என்பனவற்றையும் கேட்டு ஒப்பிடுவது நல்லது. அந்த எண்ணை இணையத்தில் தேடிப் பார்ப்பதும் பயன்படும். ஒரே எண் வெவ்வேறு விற்பனையாளர்களின் பக்கங்களில் கிடைத்தால், ஏலத்திலிருந்து விலகிக்கொள்ள அது ஒன்றே போதும்.

ஹோசலுக்கு அடுத்து நான் பார்ப்பது எழுத்துகளின் விளிம்பு. இதற்குக் காரணம் வார்ப்புத் தொழிலிலேயே இருக்கிறது. உருகிய உலோகம் ஆறும்போது சுருங்கும். நிறுவனம் தன் அச்சை அந்தச் சுருக்கத்துக்கும் இடம்விட்டுச் செய்கிறது. போலி செய்பவர் கடையில் கிடைக்கும் முடிந்த தலையிலிருந்தே அச்சு எடுத்தால், நகல் இம்மியளவு சிறுத்துவிடுவதோடு, நுண்ணிய செதுக்கல்களின் கூர்மையும் மழுங்கிவிடும். அந்த மழுங்கலை மறைக்க மேலே வண்ணம் பூசுவார்கள். வண்ணம் எழுத்தின் பள்ளத்தைத் தாண்டி வழிந்திருக்கும். உண்மையான கிளப்பின் நிறுவன வெளியீட்டுப் படத்தைத் திரையின் ஒரு பாதியிலும் விற்பனையாளரின் படத்தை மறு பாதியிலும் வைத்து, எழுத்துரு, எழுத்துகளுக்கு இடையிலான வெளி, முகப்பில் உள்ள கோடுகளின் எண்ணிக்கை, அவை தொடங்கி முடியும் இடம் ஆகியவற்றைப் பொறுமையாக ஒப்பிட்டால், கண் பழகப் பழக வேறுபாடு தானாகவே புலப்படும். இப்போது வரும் நகல்களில் பலவும் கணினி வழியே அளந்து செய்யப்படுகின்றன என்பதால் இந்தச் சோதனை எப்போதும் வெல்லும் என்று சொல்ல மாட்டேன்.

மேலேறி நகர்ந்ததாக நான் சொன்ன அந்தக் கருப்பு வளையத்துக்கு ஃபெரூல் என்று பெயர். நல்ல கிளப்பில் அது ஹோசலோடு விரல் தடவினாலும் தெரியாதபடி சமமாகப் பொருந்தியிருக்கும். இடைவெளியோ, பசை பிதுங்கிக் காய்ந்த தடமோ, சற்றே பெரிய விட்டமோ தெரிந்தால் அவசரமாகக் கோத்த வேலை என்று பொருள். இது வெறும் அழகுக் குறை அன்று. தலையை ஷாஃப்டோடு பிணைப்பது எபாக்ஸிப் பசை. அது தரமற்றதாக இருந்தால் வீச்சின் நடுவில் தலை கழன்று பறக்கும். ஒரு டிரைவரின் தலை ஏறக்குறைய 200 கிராம் எடை கொண்டது. அது முழு வேகத்தில் யார் மீதாவது பட்டால் என்ன ஆகும் என்று நினைத்துப் பார்க்கவே அச்சமாக இருக்கிறது.

காந்தச் சோதனையைப் பற்றிப் பலரும் பேசுகிறார்கள், ஆனால் பாதியைத்தான் சொல்கிறார்கள். இக்கால டிரைவர்களின் முகப்பு பெரும்பாலும் டைட்டானியம். அதில் காந்தம் ஒட்டாது. என் போலி டிரைவரில் காந்தம் பற்றிக்கொண்டு தொங்கியது. அயர்ன்களில் நிலை தலைகீழ். 17-4 என்ற வகைத் துருவேறா எஃகிலும், அடித்துச் செய்யப்படும் கார்பன் எஃகிலும் காந்தம் ஒட்டும். மலிவான துத்தநாகக் கலவையில் வார்த்த போலியில் ஒட்டாது. இதை மட்டும் மனத்தில் கொண்டு கிளம்புகிறவர்கள் உண்மையான கிளப்பையும் போலி என்று தள்ளிவிடுவார்கள். டிரைவருக்கு அடுத்தபடியாக நெடுந்தூரம் அடிக்கும் ஃபேர்வே வுட் வகையில் பல மாடல்கள் எஃகால் ஆனவை, அவற்றில் காந்தம் ஒட்டுவது இயல்பு. 303 வகைத் துருவேறா எஃகுக் கட்டியைக் கடைந்து செய்யும் விலையுயர்ந்த பட்டர்களில் (பந்தைக் குழிக்குள் உருட்டும் கிளப்புகளில்) காந்தம் சரியாக ஒட்டாமல் இருப்பதும் இயல்பே. டிரைவரிலும் எடைத் திருகாணிகள் உள்ள இடத்தில் வைத்துப் பார்த்து முடிவுக்கு வரக் கூடாது. அந்த மாடல் எந்த உலோகத்தால் ஆனது என்பதை முதலில் அறிந்துகொண்டு, பிறகு காந்தத்தை எடுப்பதே முறை.

அயர்ன் செட் கைக்கு வந்த பின் நான் நம்புவது தராசையும் அளவுநாடாவையும்தான். வழக்கமான செட்டில், நீளமான கிளப்பிலிருந்து குட்டையான கிளப்புக்கு வர வர நீளம் அரை அங்குலம் வீதம் குறையும். தலையின் எடை ஏறத்தாழ 7 கிராம் வீதம் கூடும். ஷாஃப்ட் குறைவதால் மொத்த எடையில் அந்த 7 கிராம் முழுவதும் தெரியாது என்றாலும், எடை படிப்படியாக ஏறிக்கொண்டே போக வேண்டும். ஆறாம் எண் அயர்னைவிட ஏழாம் எண் அயர்ன் இலேசாகவும், எட்டாம் எண் அயர்ன் திடீரென்று கனமாகவும் இருந்தால், அதைச் செய்தவர் தராசையே பார்க்கவில்லை என்று தெரிந்துகொள்ளலாம். எஃகு ஷாஃப்டுகளிலும் இதே கதைதான். டைனமிக் கோல்டு எஸ்300 போன்ற பெயர்பெற்ற ஷாஃப்ட் வெட்டப்படாத நிலையில் 130 கிராம் அளவுக்குக் கனமானது. அதன் பட்டையை மட்டும் ஒட்டிக்கொண்ட மெல்லிய குழாய் கையில் எடுத்ததுமே காட்டிக்கொடுத்துவிடும். தலை உண்மையாகவும் ஷாஃப்ட் மட்டும் போலியாகவும் இருக்கும் அரைப் போலிகளும் உண்டு. தனியே விற்கப்படும் உயர்விலை கிராஃபைட் ஷாஃப்டுகளில் இது மிகுதி.

கிளப்பைப் பார்ப்பது ஒரு பாதி. விற்பவரைப் பார்ப்பது மறு பாதி. எனக்கு விற்றவருக்கு நூற்றுக்கணக்கான நல்ல மதிப்புரைகள் இருந்தன. பிறகு ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தபோது, அவற்றில் பெரும்பான்மை கைப்பேசி உறை, சாவிக்கொத்து போன்ற அற்பப் பொருள்களுக்கானவை. கோல்ஃப் தொடர்பான மதிப்புரைகள் கடைசிச் சில வாரங்களுக்குள்தான் தொடங்கியிருந்தன. ஒரு தனிமனிதர் தம் பழைய டிரைவரை விற்கும்போது, முகப்பின் நடுவில் உள்ள தேய்மானத்தையும், கீறலையும், மாற்ற வேண்டிய கைப்பிடி உறையான கிரிப்பையும் குறிப்பிட்டுவிடுவார். புதிதாக வந்த மாடலில், பிளாஸ்டிக் உறை பிரிக்கப்படாத பல செட்டுகளை வாரந்தோறும் ஏலத்துக்கு விடுபவரிடம் அவை எங்கிருந்து வருகின்றன என்று கேட்டுப் பார்க்க வேண்டும். பரிசாக வந்தது, எனக்குப் பயன்படவில்லை என்ற பதில் ஒரு முறை பொருந்தும். எட்டு முறை பொருந்தாது. அனுப்பும் நாடு சீனா என்பது மட்டும் எதையும் மெய்ப்பிக்காது. உண்மையான கிளப் தலைகளிலும் பெரும் பகுதி அங்கேயே வார்க்கப்படுகிறது. ஆனால் விற்பனைப் பதிவில் ஒரு நாட்டைச் சொல்லிவிட்டுப் பொதியை வேறு நாட்டிலிருந்து அனுப்புபவர் ஏன் பொய் சொன்னார் என்று கேட்க எனக்கு உரிமை உண்டு.

விலையைப் பற்றி ஒரு சொல். மலிவாக இருந்தால் போலி என்பது எளிய விதி, ஆனால் சரியான விதி அன்று. டிரைவர்களின் மதிப்பு புதிய மாடல் வந்ததும் சரிந்துவிடும். இரண்டு தலைமுறை பழைய உண்மையான டிரைவர் பாதி விலைக்குக் கிடைப்பதில் வியப்பில்லை. இந்த ஆண்டின் மாடல் அதே விலைக்குப் பலரிடம் கிடைக்கிறது என்பதே ஐயத்துக்கு உரியது. இன்னொன்று, நிறுவனம் ஒருபோதும் வெளியிடாத வகைகளும் ஏலத்துக்கு வருகின்றன: அந்த மாடலில் இல்லாத லாஃப்ட், செய்யப்படாத இடக்கைப் பதிப்பு, 460 கன சென்டிமீட்டர் என்ற விதிமுறை எல்லையைத் தாண்டிய தலை. அமெரிக்க கோல்ஃப் சங்கம் விதிக்குட்பட்ட டிரைவர் தலைகளின் பட்டியலை வெளியிடுகிறது; ஏலத்தில் உள்ள மாடலும் அதன் குறியீடுகளும் அதில் உள்ளனவா என்று பார்க்க இரண்டு நிமிடம் போதும். ஸ்காட்டி கேமரன் பட்டர்களில் வட்டத்துக்குள் டி எழுத்துக் கொண்டவை தொழில்முறை ஆட்டக்காரர்களுக்கென்று செய்யப்படுபவை என்பதால் அவற்றின் மதிப்பும் உயர்வு, போலிகளும் மிகுதி. பழகாதவர்கள் அந்தப் பக்கம் போகாமல் இருப்பதே மேல்.

ஏலத் தளம் எல்லாவற்றையும் வடிகட்டிவிடும் என்று எதிர்பார்ப்பதற்கும் ஓர் எல்லை உண்டு. நகை நிறுவனமான டிஃபனி ஈபே மீது தொடுத்த வழக்கில், 2010-இல் அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம், தளத்தில் பொதுவாகப் போலிகள் உலவுகின்றன என்ற அறிவு மட்டும் தளத்தைப் பொறுப்பாளியாக்கப் போதாது, எந்த விற்பனைப் பதிவு போலிப் பொருளுக்கானது என்ற குறிப்பான அறிவு வேண்டும் என்று கூறியது. அதனால்தான் குறிப்பிட்ட விற்பனைப் பதிவைச் சுட்டிப் புகார் தருவதற்கு எடை கூடுகிறது. கிளப் நிறுவனங்களும் சும்மா இருக்கவில்லை. அக்குஷ்நெட், காலவே, கிளீவ்லேண்ட், பிங், டெய்லர்மேட் உள்ளிட்டவை 2004-இல் தொடங்கிய கூட்டுப் பணிக்குழு, போலி செய்யும் இடங்களில் சோதனை நடத்த அதிகாரிகளுடன் இணைந்து செயல்படுகிறது. ஆனாலும் என் பெட்டியை எனக்காகத் திறந்து பார்க்க யாரும் வரப்போவதில்லை.

ஆகவே பொதி வந்த அன்றே, உறை பிரிப்பதைக் காணொளியாகப் பதிவு செய்தபடி திறக்கிறேன். பணத்தை எப்போதும் தளத்தின் வழியாகவே செலுத்துகிறேன். நேரடியாக வங்கிக்கு அனுப்பினால் விலை குறைக்கிறேன் என்பவரிடம் பேச்சை அதோடு நிறுத்திக்கொள்கிறேன். ஈபேயில் பொருள் வந்து சேர்ந்த 30 நாள்களுக்குள் முறையிட வேண்டும் என்பதை நான் அறியாதவன் அல்லன். அலட்சியமாக இருந்தேன், அவ்வளவுதான்.

சில வாரங்களுக்கு முன், குறுந்தூர அடிகளுக்கான வெட்ஜ் என்ற கிளப் ஒன்று ஏலத்துக்கு வந்தது. ஹோசலின் அண்மைப் படம், ஃபெரூலின் படம், அன்றைய தேதி எழுதிய துண்டுச் சீட்டோடு அடிப்புறத்தின் படம் ஆகிய மூன்றையும் கேட்டு எழுதினேன். விற்பவர் சற்றே எரிச்சலோடு, ஒரு பழைய வெட்ஜுக்கு இவ்வளவு விசாரணையா என்று கேட்டுவிட்டு, ஏழு படங்களை அனுப்பினார். ஒன்றில் அவருடைய கட்டைவிரல் பாதி ஹோசலை மறைத்திருந்தது. எண் மட்டும் தெளிவாகத் தெரிந்தது. நிறுவனத்திடம் கேட்டேன், மாடலும் லாஃப்டும் பொருந்தின. ஏலம் கேட்டு வென்றேன். வந்த அன்றே காந்தம் ஒட்டியது, எடை சரியாக இருந்தது, அவர் சொன்னபடியே கிரிப் தேய்ந்து போயிருந்தது. புதிய கிரிப் மாட்ட வேண்டும்.