கடைசியாக எழுதியவரே ஜெயிக்கட்டுமா?

மருந்து மொத்த வியாபாரிகளுக்கு ஸ்டாக் ஆப் செய்கிறோம். குடோனுக்குள் சிக்னல் கிடைக்காது, அதனால் போன்கள் ஆஃப்லைனில் எழுதிவிட்டு அப்புறம் சிங்க் ஆகும். ஒரே பதிவை இரண்டு பேர் மாற்றியிருந்தால் எதை வைத்துக்கொள்வது? டீமில் கொஞ்ச நாளாக இதுதான் பேச்சு.

"டைம்ஸ்டாம்ப், அதாவது எழுதின நேரத்தைப் பார்த்து கடைசியா எழுதினதை வெச்சுக்கலாம் அக்கா, கசாண்ட்ரா டேட்டாபேஸே அப்படித்தானே பண்ணுது" என்றான் புதிதாகச் சேர்ந்த தம்பி. வாஸ்தவம்தான். ஆனால் யாருடைய கடிகாரப்படி கடைசி? ஒரு போனின் கடிகாரம் பத்து நிமிடம் முந்தி ஓடினால், அது எழுதியதற்குப் பிறகு பத்து நிமிடம் மற்றவர்கள் அந்தப் பதிவில் எழுதுவதெல்லாம் தோற்கும். எர்ரர்கூட வராது. டைம்ஸ்டாம்ப் சமமாக இருந்தால் கசாண்ட்ரா மதிப்புகளை பைட் பைட்டாக ஒப்பிட்டுப் பெரியதை வைத்துக்கொள்ளும். 40-ம் 90-ம் மோதினால் 90. குடோனில் என்ன இருக்கிறது என்று அதற்குத் தெரியவா போகிறது!

டைனமோ என்ற தன் டேட்டாபேஸ் பற்றி அமேசான் 2007-ல் வெளியிட்ட கட்டுரையில் வேறு வழி இருக்கிறது. வெக்டர் கிளாக் (எந்தக் கணினி எத்தனை முறை மாற்றியது என்ற கணக்கு) வைத்து, ஒன்றையொன்று அறியாமல் எழுதப்பட்ட இரண்டு பதிப்புகளையும் காப்பாற்றி, இணைக்கும் வேலையை ஆப்பிடம் விடுகிறார்கள். ஷாப்பிங் கார்ட்டில் சேர்த்த பொருள் எதுவும் தொலையாது. ஆனால் நீக்கிய பொருள் சில சமயம் திரும்பி வந்து நிற்கும். அவர்களுக்கு அது பரவாயில்லை, ஏனென்றால் சேர்த்த பொருள் காணாமல் போனால்தான் நஷ்டம். எங்களுக்கு நேர்மாறு. காலாவதி என்று எடுத்துப்போட்ட பேட்ச் மறுபடி பட்டியலில் வந்தால் விபரீதம். அதனால் பேட்ச் விஷயத்தில் நீக்கம்தான் ஜெயிக்கும் என்று முடிவு செய்தோம்.

ரொம்ப நேரம் எடுத்தது ஸ்டாக் எண்ணிக்கை. "இருப்பு 92" என்று எழுதாமல் "8 போனது" என்று எழுதினால் பாதிப் பிரச்சினை தீரும். ஒவ்வொரு போனும் தன் வரவையும் செலவையும் தனித்தனியாகக் கூட்டி வைத்துக்கொள்ளும், சிங்க் எந்த வரிசையில் நடந்தாலும் ஒரே விடைதான் வரும். ஆய்வாளர் ஷப்பீரோ குழுவினர் 2011-ல் சிஆர்டிடி (தனித்தனியாக மாற்றினாலும் மோதாமல் தானாக இணையும் தரவு) என்று முறைப்படுத்திய வகையில் இதுவும் ஒன்று. ஆனால் 10 பெட்டி இருக்கும்போது இரண்டு பேர் ஆளுக்கு 8 விற்றால் விடை மைனஸ் 6. கணக்கு சரி, குடோனில் சரக்குதான் இல்லை. பூஜ்ஜியத்துக்குக் கீழே போகக்கூடாது என்ற விதியை, ஒருவரையொருவர் கேட்காமல் இணைக்கும் எந்த முறையாலும் காப்பாற்ற முடியாது. அதனால் காலையிலேயே ஒவ்வொரு சேல்ஸ்மேனுக்கும் பங்கு பிரித்துக் கொடுத்துவிடுகிறோம். அதற்குள் ஆஃப்லைனில் விற்கலாம், தாண்டினால் சர்வரைக் கேட்க வேண்டும். பழைய யோசனைதான், 1986-லேயே ஓ'நீல் எஸ்க்ரோ முறை என்று எழுதிவிட்டார்.

கடை முகவரி, போன் நம்பருக்கெல்லாம் தம்பி சொன்ன வழியே போதும். சர்வருக்கு வந்து சேர்ந்த நேரத்தை மட்டும் எடுத்துக்கொள்கிறோம்.

விலையில் வரும் மோதலை மெஷின் தீர்க்கக் கூடாது என்பது என் கட்சி. கவுச்டிபி என்ற டேட்டாபேஸ் மோதலில் ஒன்றைத் தேர்ந்து காட்டினாலும் தோற்றதைத் தூக்கிப்போடாது. ஆனால் கேட்டால்தான் காட்டும், கேட்க ஆளில்லாவிட்டால் உள்ளே குவிந்துகொண்டே போகும். அதனால் இரண்டு விலையையும் முதலாளியின் திரையில் வைத்து, அவர் ஒன்றைத் தொடும்வரை பில் போட விடுவதில்லை. இந்தப் பில் நிறுத்தத்தை சேல்ஸ் டீம் இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை. பழைய விலையிலேயே பில் போகட்டும் என்கிறார்கள்.