சிறுவாடு

"டீச்சர், அந்தச் சீட்டைத் திருப்பித் தர முடியுமான்னு அம்மா கேட்டு வரச் சொன்னாங்க."

மதிய மணி அடித்து வகுப்பு காலியாகியிருந்தது. என் மாணவி ஒருத்தி கையில் சாப்பாட்டுத் தட்டோடு மேசைக்குப் பக்கத்தில் நின்றிருந்தாள். நான் யோசிக்காமல் சொன்ன பதில் இதுதான்: "அதுல பேரு எதுவும் இல்லையே கண்ணு."

பேர் இல்லை என்பது உண்மைதான். ஆனால் அவள் பேரைப் பற்றிக் கேட்கவே இல்லை.

பத்தாம் வகுப்பு பொருளியலில் 'அரசாங்கமும் வரிகளும்' என்ற பாடத்தை எடுத்தவர்களுக்குத் தெரியும். நேர்முக வரி, மறைமுக வரி, ஜிஎஸ்டி வந்தது 2017 ஜூலை 1. பிள்ளைகள் ஒரு மதிப்பெண் கேள்விக்கு மனப்பாடம் செய்துவிட்டுப் போய்விடுவார்கள். கட்டிய வரி எங்கே போகிறது, யார் வீட்டுக்குத் திரும்பி வருகிறது என்று ஒருவரும் கேட்பதில்லை. அதைக் கேட்க வைக்க வேண்டும் என்பதற்காகத்தான் மகளிர் இலவசப் பேருந்துத் திட்டத்தை எடுத்துக்கொண்டேன். 2021 மே 7 அன்று மு.க.ஸ்டாலின் முதல்வராகப் பதவியேற்றதும் கையெழுத்திட்ட ஐந்து கோப்புகளில் ஒன்று அது. அரசுச் சாதாரண டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. அந்தத் தொகையைப் போக்குவரத்துக் கழகங்களுக்கு அரசு ஈடு செய்கிறது. ஆண்டுக்கு 1,200 கோடி ரூபாய் என்று அப்போது அறிவித்தார்கள். அப்புறம் மாநிலத் திட்டக் குழு ஆய்வு செய்து, ஒரு பெண்ணுக்குச் சராசரியாக மாதம் 888 ரூபாய் மிச்சமாகிறது என்று சொன்னது.

888 என்று கரும்பலகையில் எழுதினேன். "உங்க வீட்டுல எவ்வளவு மிச்சம்? அம்மாகிட்ட கேட்டு எழுதிட்டு வாங்க. பேரு போட வேண்டாம். நிஜத்தை எழுதுங்க. அந்தப் பணம் என்ன ஆகுதுன்னும் ஒரு வரி எழுதுங்க."

மொத்தம் 31 சீட்டுகள் வந்தன. கூட்டி வகுத்தால் எங்கள் சராசரி 888-இல் பாதியைக்கூடத் தொடவில்லை. வகுப்பில் ஒரே சத்தம், ஆய்வு பொய் என்று. சீட்டுகளைப் பிரித்துப் பார்க்கச் சொன்னேன். 11 சீட்டில் பூஜ்யம். பெரும்பாலும் பனியன் கம்பெனி வேன் வீட்டு வாசலுக்கே வந்து ஏற்றிக்கொண்டு போகிற அம்மாக்கள். சிலர் பக்கத்துத் தோட்டத்துக்கு நடந்தே போகிறவர்கள். இரண்டு பேருக்கு ஷிப்ட் முடிகிற நேரத்தில் அரசு பஸ் கிடையாது, தனியார் பஸ்ஸில் காசு கொடுத்துத்தான் வர வேண்டும். "அப்ப பஸ் வர்றவங்களுக்குத்தான் 888, பஸ் வராதவங்களுக்கு ஒண்ணும் இல்லையா டீச்சர்?" என்று கடைசி பெஞ்சுப் பையன் கேட்டான். பதினாறு வருடத்தில் எனக்கு அப்படி ஒரு வகுப்பு அமைந்ததில்லை. இதைச் சொல்லாமல் விட்டால் நான் செய்தது ஏன் என்று புரியாது.

அந்த வேகத்தில்தான், பணம் என்ன ஆகிறது என்ற வரிகளைச் சத்தமாகப் படிக்க ஆரம்பித்தேன். மளிகை, கேஸ், குழுக் கடன் தவணை. அப்புறம் இது:

"மாதம் 624. அப்பாவிடம் தனியார் பஸ் என்று சொல்லி இருக்கிறார். அரிசி டிரம்மில் போட்டு வைக்கிறார். நான் நர்சிங் படிக்க."

படித்து முடித்ததும் நின்று, "இதுக்கு நம்ம ஊர்ல ஒரு வார்த்தை இருக்கு தெரியுமா? சிறுவாடு" என்றேன். எங்கள் ஆத்தா சுருக்குப் பையில் முடிந்து வைத்ததையெல்லாம் சொன்னேன். புள்ளிவிவரத்துக்கு உயிர் வந்துவிட்டது என்று எனக்குச் சந்தோஷம். அவள் முகத்தை நான் பார்க்கவில்லை. யார் எழுதியது என்று தெரியாதபோது யார் முகத்தைப் பார்ப்பது என்று பிற்பாடு எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். அதுவும் முழு உண்மையில்லை. இரண்டு வருடமாக அவள் நோட்டைத் திருத்துகிறேன், அந்தக் கையெழுத்து எனக்குத் தெரியும். கவனித்திருந்தால் தெரிந்திருக்கும்.

அதே வகுப்பில் அவள் குடியிருக்கும் லைன் வீட்டுப் பையன் ஒருவன் இருந்தான். தனியார் பஸ், நர்சிங் என்றால் அவனுக்குப் பேர் எதற்கு? அவன் கெட்ட எண்ணத்தில் எதுவும் செய்யவில்லை. வீட்டுக்குப் போய் அம்மாவிடம் பாடத்தில் நடந்ததைச் சொல்லியிருக்கிறான். ஒரு பாடம் வீடு வரைக்கும் போக வேண்டும் என்று ஆசைப்பட்டதே நான்தான். பொதுக் குழாயடியில் அடுத்த நாள் காலைக்குள் அது எல்லோருக்கும் தெரிந்துவிட்டது.

"அப்பா ஏதாவது சொன்னாரா?" என்று அவளைக் கேட்டேன்.

"அவரு கேக்கறதுக்கு முன்னாடியே அம்மா எடுத்துக் கொடுத்துட்டாங்க டீச்சர்."

எவ்வளவு என்று நான் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. மாதம் 624, எத்தனை மாதம் என்று மனதுக்குள் பெருக்க ஆரம்பித்தேன். அந்த நேரத்திலும் எனக்குக் கணக்குதான் ஓடியது.

ஆய்வுக்கு வருகிறவர்கள் கேட்டுவிட்டு ஊரைவிட்டுப் போய்விடுவார்கள். ஆயிரம் பேரோடு சேர்த்து அந்த அம்மாவையும் 888 என்ற எண்ணுக்குள் வைத்துவிடுவார்கள். சராசரி என்பது ஆளை மறைக்கிறது என்று அன்று வகுப்பில் குறையாகச் சொன்னேன். அந்த மறைவு அந்த அம்மாவுக்கு ஒரு பாதுகாப்பு என்று எனக்கு அப்போது தோன்றவில்லை. நான் அதைப் பிரித்து, அவர் தெருப் பிள்ளைகள் உட்கார்ந்திருக்கிற அறையில் படித்துக் காட்டினேன். அந்த அம்மாவின் சம்மதத்தை யாரும் கேட்கவே இல்லை. மகளிடம் சொன்னார், மகள் எனக்கு எழுதினாள், ஏனென்றால் நான்தான் நிஜத்தை எழுதச் சொன்னேன்.

ஆனாலும் ஒன்று. அந்தச் சீட்டு இல்லாவிட்டால் 624 ரூபாய் என்றால் என்ன என்று அந்த வகுப்புக்குப் புரிந்திருக்காது. எனக்கும் புரிந்திருக்காது. மிச்சம் என்றால் செலவு குறைவது என்றுதான் நான் நினைத்திருந்தேன். ஒரு பெண்ணுக்கு யாரிடமும் கணக்குச் சொல்லத் தேவையில்லாத பணம் கிடைப்பது வேறு விஷயம். அதை ஆய்வறிக்கையிலிருந்து நான் தெரிந்துகொள்ளவில்லை, அரிசி டிரம்மிலிருந்துதான் தெரிந்துகொண்டேன். இதை எழுதும்போதே, அந்த அம்மா கொடுத்த விலையில் நான் பாடம் படித்ததைப் பெருமையாகச் சொல்கிறேனோ என்று கூச்சமாக இருக்கிறது.

சீட்டைத் திருப்பிக் கொடுத்தேன். எல்லாச் சீட்டையும் சார்ட்டில் ஒட்டியிருந்ததால் பிய்க்கும்போது பாதி எழுத்து சார்ட்டோடு தங்கிவிட்டது. அந்த இடத்தையும் சேர்த்து வெட்டிக் கொடுத்தேன். மடித்து ஜாமெட்ரி பாக்ஸில் வைத்துக்கொண்டாள். சார்ட்டின் போட்டோவை முந்தின நாளே ஆசிரியர் வாட்ஸ்அப் குழுவில் போட்டிருந்ததை அவளிடம் நான் சொல்லவில்லை. நிறையப் பேர் பாராட்டியிருந்தார்கள். அழிக்க நினைத்தபோது எல்லோருக்கும் அழிக்கிற நேரம் கடந்திருந்தது.

புத்தகத்தில் இருப்பதை நடத்தினால் போதாதா, பொதுத் தேர்வு வருகிறதே என்று சக ஆசிரியர்கள் சிலர் சொன்னார்கள். அந்த அறிவுரை அன்றும் எனக்குச் சரியாகப் படவில்லை, இன்றும் படவில்லை. தங்கள் ஊர்ப் பஸ்ஸைப் பற்றி அரசு என்ன கண்டுபிடித்தது என்று பிள்ளைகள் சரிபார்க்கத் தெரிந்துகொள்ள வேண்டும். அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. எதைக் கேட்பது, கேட்டதை எங்கே வைப்பது என்பதில்தான் குழப்பம்.

இந்த வருடம் அதே பாடம் வருகிறது. வீட்டைப் பற்றி எதுவும் கேட்காத ஒரு தாள் தயார் செய்திருக்கிறேன். காலை 8 முதல் 9 வரை நம் ஸ்டாப்பில் எத்தனை வெள்ளை போர்டு பஸ், எத்தனை தனியார் பஸ், எத்தனை பஸ் நிற்காமல் போனது, எத்தனை பெண்கள் காத்திருந்தார்கள். நல்ல கேள்விகள்தான், யாருக்கும் தொந்தரவில்லை. கடைசியில் 'மிச்சமாகும் பணம் என்ன ஆகிறது?' என்று எழுதி, அடித்து, நேற்று ராத்திரி மறுபடி எழுதி வைத்திருக்கிறேன். திங்கட்கிழமை ஜெராக்ஸுக்குக் கொடுக்க வேண்டும்.