குரூ லிஸ்ட்டில் என் பெயர்: படகில் போய் பெக்வேயில் இறங்கிய கதை

2023 மார்ச்சில் கிரெனடாவில் ஒரு பாய்மரப் படகில் ஏறி, வடக்கே செயின்ட் வின்சென்ட் நாட்டைச் சேர்ந்த பெக்வே தீவில் இறங்கினேன். அங்கிருந்து ஃபெர்ரி, அப்புறம் விமானம், ஊர். இந்திய பாஸ்போர்ட்டை வைத்துக்கொண்டு கரீபியனில் இப்படிப் போக முடியுமா என்று நண்பர்கள் கேட்கிறார்கள். முடியும். சுற்றுலாவாகப் போன எனக்கு இரண்டு நாட்டுக்குமே முன்கூட்டி விசா எடுக்க வேண்டியிருக்கவில்லை. ஆனால் படகில் போகிறவர் விசாவைவிடக் கவனமாகப் பார்க்க வேண்டியது குரூ லிஸ்ட், அதாவது படகில் இருப்பவர்களின் பெயர்ப் பட்டியல்.

முதல் சிக்கல் கடலுக்குப் போகும் முன்பே வந்தது. கிரெனடா விமானத்துக்கு செக்-இன் செய்யும்போது, அந்த நாட்டைவிட்டு வெளியேற டிக்கெட் எங்கே என்று கேட்டார்கள். என் கையில் இருந்தது செயின்ட் வின்சென்டிலிருந்து கிளம்பும் டிக்கெட். அதை ஏற்கவில்லை. படகு வைத்திருக்கும் அண்ணன் (பல வருடப் பழக்கம், அப்படித்தான் கூப்பிடுவேன்) வாட்ஸப்பில் ஒரு கடிதம் அனுப்பினார். படகின் பெயர், பதிவு எண், நான் அதில் குரூவாகச் சேர்கிறேன், இந்தத் தேதியில் கிரெனடாவைவிட்டுக் கிளம்புகிறோம் என்று நாலே வரி, கீழே கேப்டன் என்று அவர் கையெழுத்து. அதைப் பார்த்த பிறகுதான் போர்டிங் பாஸ் கொடுத்தார்கள். அந்தக் கடிதத்தை முதலிலேயே வாங்கிப் பிரிண்ட் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

முதல் நாள் கிரெனடாவையே சேர்ந்த கரியக்கூ தீவு வரை ஓட்டினோம். வழியில் கிக் எம் ஜென்னி என்ற கடலடி எரிமலை இருக்கிறது. அமைதியாக இருக்கும் காலத்திலும் அதைச் சுற்றி ஒன்றரை கிலோமீட்டருக்குள் படகுகள் போகக் கூடாது. அதனால் சுற்றிக்கொண்டு போனோம். கரியக்கூவில் டிரெல் விரிகுடாவில் கிரெனடாவைவிட்டு வெளியேறும் முத்திரையும் கிளியரன்ஸ் தாளும் வாங்கினோம். அந்தத் தாள் இல்லாமல் அடுத்த நாட்டில் வேலை நடக்காது. என் பெயர் குரூ லிஸ்ட்டில் ஏறியதும் இங்கேதான். பாஸ்போர்ட்டில் இருப்பது போலவே எழுத்துக்கு எழுத்து வர வேண்டும். என் இனிஷியலை விரித்து எழுதியதில் ஒரு எழுத்து விட்டுப்போய், மறுபடியும் முதலிலிருந்து எழுதினோம்.

மறுநாள் விடிவதற்கு முன் கிளம்பினோம். வடகிழக்குக் காற்று நேர் எதிரே அடித்தது. யூனியன், மேரோ, கனுவான் என்று தீவுகள் ஒவ்வொன்றாக வலப்பக்கம் வந்து போயின. டொபேகோ கேஸ் என்ற குட்டித் தீவுகள் பக்கம் தண்ணீர் வெளிர்நீலமாகத் தெரிந்தபோது அங்கே நங்கூரம் போட மனசு அடித்துக்கொண்டது. இதெல்லாம் செயின்ட் வின்சென்ட் கடல், அந்த நாட்டுக்குள் இன்னும் முறைப்படி நுழையவில்லை என்பதால் அங்கே நிற்க முடியாது. அனுமதி தரும் துறைமுகம் ஒன்றில்தான் முதலில் நிற்க வேண்டும். நாங்கள் வைத்திருந்தது பெக்வேயின் போர்ட் எலிசபெத்.

மதியம் மூன்று மணி வாக்கில் அட்மிரல்டி விரிகுடாவில் நங்கூரம் போட்டோம். அண்ணன் மஞ்சள் துணிக்கொடி ஒன்றை வலப்பக்கக் கயிற்றில் ஏற்றினார். இன்னும் அனுமதி வாங்கவில்லை என்பதற்கு அதுதான் அடையாளம். "தம்பி, அந்தக் கொடி இறங்குற வரைக்கும் நீ கரையில கால் வைக்கக் கூடாது" என்று சொல்லிவிட்டு, எல்லாருடைய பாஸ்போர்ட்டையும் பிளாஸ்டிக் பையில் போட்டுக்கொண்டு டிங்கியில் (கரைக்குப் போகும் சின்னப் படகு) போனார். கேப்டன் மட்டும்தான் போகலாம். சாயங்காலத்திலும் ஞாயிற்றுக்கிழமையிலும் போய் நின்றால் ஓவர்டைம் கட்டணம் சேரும், அதனால் நேரம் பார்த்து வருவது நல்லது.

முக்கால் மணி நேரத்தில் திரும்பி வந்தார். நான் இங்கிருந்து விமானத்தில் போகப் போவதால் என்னை நேரில் பார்க்க வேண்டுமாம்.

கஸ்டம்ஸ், இமிகிரேஷன் இரண்டும் ஃபெர்ரி துறைக்குப் பக்கத்திலேயே இருந்தன. கவுன்டரில் இருந்த அம்மா என் பாஸ்போர்ட்டில் பிறந்த ஊரைப் பார்த்துவிட்டு, "சென்னை... மெட்ராஸா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். தன் பாட்டியின் முன்னோர் அங்கிருந்து வந்தவர்கள் என்றார். 1861 ஜூன் 1 அன்று டிராவன்கோர் என்ற கப்பல் மதராஸிலிருந்து ஒப்பந்தக் கூலிகளை ஏற்றிக்கொண்டு இந்த நாட்டுக்கு வந்து சேர்ந்தது. இன்றும் ஜூன் 1 இந்தியர் வருகை நாள். என் மூன்று பக்கப் படிவத்தையும் மெட்ராஸ் என்று அவர் சொன்ன விதத்தையும் சேர்த்து நினைத்தபோது கொஞ்ச நேரம் எனக்குப் பேச்சு வரவில்லை. அவர்கள் பெயரையும் யாரோ ஒரு பட்டியலில்தானே எழுதியிருப்பார்கள்.

அப்புறம் அவர் விஷயத்துக்கு வந்தார். குரூ லிஸ்ட்டில் என் பெயர் இருக்கும்வரை நான் கேப்டன் பொறுப்பு. நான் விமானத்தில் போய்விட்டு, படகு என் பெயரோடு அடுத்த நாட்டுக்குப் போனால் ஓர் ஆள் குறைகிறதே என்று அண்ணன் அங்கே பதில் சொல்ல வேண்டிவரும். அதனால் கேப்டனும் நானும் சேர்ந்து நின்று என்னை லிஸ்ட்டிலிருந்து எடுக்க வேண்டும். விமான டிக்கெட்டை வாங்கிப் பார்த்தார். ஸ்கேலை வைத்து நீல மையில் என் பெயர் மேல் ஒரு கோடு, ஓரத்தில் சுருக்கொப்பம், மேலே முத்திரை. பிறகு பாஸ்போர்ட்டில் சுற்றுலாப் பயணியாக ஒரு முத்திரை. கட்டணத்தை கிழக்குக் கரீபியன் டாலரில் கட்டினோம். ஒரு அமெரிக்க டாலருக்கு 2.70 என்று நிலையான மதிப்பு, கணக்குப் போடுவது சுலபம். கோடு போட்ட அந்தத் தாளுக்கு ஒரு நகல் கேட்டேன், கொடுத்தார்கள்.

படகுக்குத் திரும்பியதும் மஞ்சள் கொடியை இறக்கிவிட்டு, மூன்று பச்சை வைரம் போட்ட அந்த நாட்டுக் கொடியை ஏற்றினோம்.

மூன்று நாள் கழித்து காலை ஃபெர்ரியில் தலைநகர் கிங்ஸ்டவுன் போனேன். சுமார் ஒரு மணி நேரப் பயணம், ஒரே நாடு என்பதால் சோதனை இல்லை. ஆர்கைல் விமான நிலையத்தில் அதிகாரி பாஸ்போர்ட்டைப் புரட்டிவிட்டு, எந்த விமானத்தில் வந்தீர்கள் என்று கேட்டார். நகலை நீட்டினேன். நீலக் கோட்டை விரலால் தடவிப் பார்த்துவிட்டு முத்திரை குத்தினார்.