கொக்கிதான் வில்லன்

எம்.சி. ரோட்டில் பேரம் பேசி வாங்கிய கவரிங் ஜிமிக்கியைப் போட்ட இரண்டாம் நாளே என் பெண்ணுக்குக் காது மடல் சிவந்து நீர் வடிய ஆரம்பித்தது. "தங்கத்துல போட்டு விடும்மா" என்றார் அத்தை. எனக்கோ, தோலில் ஒவ்வாமை தரும் நிக்கல் மேல் சந்தேகம். டைமெத்தில்கிளையாக்சைம் கரைசலைப் பஞ்சில் நனைத்து அரை நிமிடம் தேய்த்தால், நிக்கல் கசிகிற இடத்தில் பஞ்சு ரோஸ் நிறமாகும். தொங்கலில் ஒன்றுமில்லை, கொக்கியில் பளிச்சென்று ரோஸ்!

ஆனால் நச்சு உலோகங்களான ஈயமும் காட்மியமும் இதில் தெரியாது. அதற்கு எக்ஸ்ரே பாய்ச்சி உலோகத்தைக் கண்டுபிடிக்கும் எக்ஸ்ஆர்எஃப் கருவி வேண்டும், அதுவும் முலாம் தடிமனாக இருந்தால் ஏமாறும். ஐரோப்பாவில் நகையில் காட்மியம் 0.01 சதவீதத்தைத் தாண்டக் கூடாது.

அத்தையின் பழைய கேடிஎம் தங்க வளையலில் இணைப்புகளைப் பற்றவைத்ததும் காட்மியம் கலந்துதான், அதன் புகை பட்டறைக்காரர் நெஞ்சுக்குள் போயிருக்கும், பாவம்.

சரி, ஜிமிக்கிக்கு டைட்டானியம் கொக்கி மாற்றியாயிற்று.