ஹே-ஆன்-வையில் அட்டை பார்க்கப் போனது

வேல்ஸ் எல்லையில், வை ஆற்றின் கரையில் இருக்கும், பழைய புத்தகக் கடைகளுக்குப் பெயர்பெற்ற ஹே-ஆன்-வை என்ற சிற்றூருக்கு இப்போது ரயில் கிடையாது. ஹெரிஃபோர்டில் இறங்கிப் பேருந்து பிடிக்க வேண்டும். 1960களின் தொடக்கத்தில் இங்கே பழைய புத்தகக் கடை திறந்த ரிச்சர்ட் பூத், 1977 ஏப்ரல் 1 அன்று ஊரைத் தனி நாடு என்றும் தம்மை அதன் மன்னர் என்றும் அறிவித்துக்கொண்டவர். நான் போன காரணத்தை வீட்டில் சொல்லவே கூச்சமாக இருந்தது. ஆங்கிலச் சரித்திரக் காதல் நாவல்களின் அட்டைகளைப் பார்க்கத்தான் போனேன்.

மூன்றாவதாக ஏறிய கடையின் மாடியில், அடித்தட்டில் அவை கிடந்தன. முதலில் கையில் வந்தது, ஆர்தர் பார்போசா உறை ஓவியம் வரைந்த, 1950களில் வெளிவந்த ஜார்ஜெட் ஹேயரின் நாவல். கோட்டின் வெட்டும் தொப்பியின் வளைவும் கதை நடக்கும் காலத்துக்குப் பொருந்தி நிற்க, காதலர் இருவரும் கையெட்டாத் தொலைவில் நின்றார்கள்.

அதே தட்டில் இருந்த அமெரிக்கப் பதிப்புகளோ வேறு உலகம். 1972இல் கேத்லீன் வுடிவிஸின் முதல் நாவலை ஏவன் நிறுவனம் நேரடியாக மலிவுப் பதிப்பாக வெளியிட்டு, அது பெரும் விற்பனை கண்ட பிறகு, தழுவி நிற்கும் இருவரின் ஓவியமே இவ்வகை நாவலின் அடையாளமாயிற்று. கடைகளுக்கு நூல்களைத் தேர்ந்து அனுப்பிய விநியோகஸ்தர்கள் பெரும்பாலும் ஆண்கள் என்பதால், அட்டை முதலில் அவர்கள் கண்ணைத்தான் பிடிக்க வேண்டியிருந்தது என்பார்கள். எனக்கும் அதுவே நம்பத் தகுந்ததாகப் படுகிறது. 1980களின் பிற்பகுதியில் ஃபேபியோ என்ற இத்தாலிய மாடல் அந்த ஓவியங்களின் நாயகனானார். நெஞ்சுவரை புரளும் அவர் கூந்தலைப் பார்த்தபோது சிரிப்பு வந்தது. இக்கதைகளில் பல நடப்பது பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில்; அதற்குள், 1795இல் முடிப் பவுடருக்கு வரி விதித்த பிறகு, இங்கிலாந்தின் நாகரிக இளைஞர்கள் முடியைக் கத்தரித்துக்கொண்டார்கள் அல்லவா?

நான் நெடுநேரம் கையில் வைத்திருந்தது இரட்டை அட்டை கொண்ட ஒரு 1990களின் பிரதி. மேலட்டையில் ஒரு ரோஜாவும், மேடுதட்டிய பொன்னெழுத்தும் மட்டும். கட்டை விரல் படும் இடத்தில் பொன் உதிர்ந்து வெள்ளை தெரிந்தது. மேலட்டை ஒரு விரற்கடை குறுகலானதால் ஓரத்தில் சிவப்புப் பட்டின் கீற்று எட்டிப் பார்த்தது. புரட்டினால் முழுத் தழுவலும் உள்ளே. வாங்குகிறவளின் கூச்சத்தை ஒருவழியாகப் பதிப்பாளர் கணக்கில் எடுத்துக்கொண்டிருந்தார்.

அதன் பின் வந்த புகைப்பட அட்டைகளில் சொல்ல அதிகமில்லை. கழுத்துக்கு மேல் வெட்டப்பட்ட சட்டையில்லா ஆண்கள், அவ்வளவே. ஜூலியா க்வினின் 2000ஆம் ஆண்டு நாவல், 2020 டிசம்பரில் நெட்ஃபிளிக்ஸ் தொடரானதும் நடிகர்களின் முகத்தோடு மறுபதிப்புக் கண்டது. அண்மைப் பதிப்புகள் பலவற்றில் கேலிச்சித்திரம் போன்ற தட்டை ஓவியங்கள்.

ஹேயரின் விலை என் கைக்கு எட்டவில்லை. ரோஜாவை வாங்கிக்கொண்டு திரும்பும் பேருந்தில் ஏறினேன். பக்கத்து இருக்கையில் ஒரு முதியவர் அமர்ந்திருந்ததால், மேலட்டையையும் உள்ளட்டையையும் சேர்த்துப் பிடித்தே முதல் பக்கத்தைத் திறந்தேன்.