வலது பக்கம் காலி: ஸ்ரீரங்கத்திலிருந்து ஒரு நாட்குறிப்பு

ஜூன் 2, 2025, திங்கள்

இன்று பள்ளி திறந்தார்கள். பேத்தி மூன்றாம் வகுப்புக்குப் போகிறாள். போன வருடம் வரை ஆட்டோவில் போய்வந்தாள். ஒரே ஆட்டோவில் ஒன்பது பிள்ளைகள். டிரைவருக்கு இரண்டு பக்கமும் ஒவ்வொரு பிள்ளை தொற்றிக்கொண்டிருக்கும், பைகள் வெளியே தொங்கும். அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வயிற்றைக் கலக்கும். இத்தனைக்கும் பள்ளி ஒரு கிலோமீட்டர்கூட முழுசாக இல்லை. மேல அடையவளஞ்சான் வீதியில் கிளம்பி, தெற்கு வீதியில் திரும்பி, ராஜகோபுரத்தைத் தாண்டி, அம்மா மண்டபம் சாலையைக் கடந்தால் வந்துவிடும். மே மாதம் ஒரு காலையில் எண்ணிக்கொண்டே நடந்து பார்த்தேன். என் காலுக்கு 1,260 எட்டு.

"நடந்தே போகட்டும், நான் கூடப் போறேன்" என்றேன். மகள் உடனே ஒத்துக்கொள்ளவில்லை. "நீங்க படிச்ச காலத்து ரோடு இல்லப்பா இது" என்றாள். அவள் சொன்னதில் தப்பில்லை. அதனால்தான் தினமும் எழுதிவைத்துப் பார்க்கலாம் என்று இந்த நோட்டை ஆரம்பிக்கிறேன்.

34 வருடம் ரயில் ஓட்டியவன் நான். ஒரு லோகோ பைலட் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும், பழகாத பாதையில் அவரைத் தனியாக அனுப்ப மாட்டார்கள். பழகியவரோடு கூடப் போய்ப் பார்க்க வேண்டும். எங்கே வளைவு, எங்கே இறக்கம், எந்த சிக்னல் மரத்துக்குப் பின்னால் மறையும் என்று பார்த்து, "இந்தப் பாதை எனக்குத் தெரியும்" என்று கையெழுத்துப் போட்ட பிறகுதான் வண்டி கைக்கு வரும். லேர்னிங் ரோடு என்றே அதற்குப் பெயர். எட்டு வயதுப் பிள்ளையை மட்டும் ஏன் பாதை பழக்காமல் விடுகிறோம்? ஆட்டோவில் அடைத்து அனுப்புகிறோம், பத்தாம் வகுப்பு வந்ததும் திடீரென்று சைக்கிளைக் கையில் கொடுத்துவிடுகிறோம்.

ஜூன் 4, புதன்

மூன்று நாளாக அவளோடு நடக்கிறேன். வீதியில் நடைபாதை என்று தனியாக எதுவும் இல்லை. சாக்கடை மேல் போட்ட கல்பலகைதான் நடைபாதை, அதிலும் பாதி இடத்தில் வண்டி நிற்கிறது. நடைபாதை இல்லாத இடத்தில் சாலையின் வலது ஓரமாக, எதிரே வரும் வண்டியைப் பார்த்தபடி நடக்க வேண்டும். பின்னால் வருவதைக் காதால்தான் பிடிக்க முடியும், முன்னால் வருவதைக் கண்ணால் பிடிக்கலாம். இதை அவளிடம் சொன்னபோது, "அப்ப எல்லாரும் ஏன் தாத்தா இடது பக்கம் போறாங்க?" என்று கேட்டாள். வண்டிக்குச் சொன்ன விதியை நடப்பவருக்கும் சேர்த்துச் சொல்லிவிட்டோம் என்றேன்.

இன்று இன்னொன்றும் செய்தேன். அவள் உயரத்துக்குக் குந்தி உட்கார்ந்து சாலையைப் பார்த்தேன். நின்றுகொண்டிருந்த ஒரு டெம்போவின் டயரைத் தவிர எனக்கு ஒன்றும் தெரியவில்லை. நின்று பார்க்கும்போது எனக்கு வண்டிக்கு மேலாகத் தெரிகிற சாலை, அவளுக்கு வெறும் சுவர். அப்படியென்றால் வருகிற வண்டிக்காரருக்கும் அவள் தெரிய மாட்டாள். அதனால் நிற்கும் வண்டிகளுக்கு நடுவில் கடக்கவே கூடாது. வேறு வழியே இல்லை என்றால், வண்டியின் வெளி விளிம்பு வரை மெதுவாக வந்து, அங்கே நின்று, தலையை மட்டும் நீட்டிப் பார்க்க வேண்டும். வண்டிக்குள் ஆள் இருக்கிறாரா, பின்னால் வெள்ளை விளக்கு எரிகிறதா என்பதையும் பார்க்கச் சொன்னேன். விளக்கு எரிந்தால் அது ரிவர்ஸ் எடுக்கப் போகிறது.

ஜூன் 9, திங்கள்

அம்மா மண்டபம் சாலைதான் வழியிலேயே கஷ்டமான இடம். காவிரிக்குக் குளிக்கப் போகும் வேன்கள், சத்திரம் பஸ் ஸ்டாண்டிலிருந்து வரும் டவுன் பஸ்கள், ஆட்டோக்கள், பைக்குகள். நாங்கள் கடக்கும் இடம் சுமார் 9 மீட்டர் அகலம். பையோடு பேத்தி கடக்க 10 விநாடி ஆகிறது, வாட்சை வைத்துப் பார்த்தேன். 40 கிலோமீட்டர் வேகத்தில் வரும் பைக் விநாடிக்கு 11 மீட்டர் ஓடும். 10 விநாடியில் 110 மீட்டர்! பெரியவர்களான நாம் வண்டியின் வேகத்தைக் கண்ணாலேயே ஓரளவு எடை போட்டுவிடுகிறோம். அவள் வயதில் அது சரியாக வராது. வண்டி எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்பது அவளுக்குத் தெரிகிறது, எவ்வளவு வேகமாக நெருங்குகிறது என்பது தெரிவதில்லை.

அதனால் வேகத்தை விட்டுவிட்டு அடையாளம் வைத்தேன். எங்களுக்கு டிஸ்டன்ட் சிக்னல் என்று ஒன்று உண்டு, நிற்க வேண்டிய இடத்துக்கு வெகு முன்னாலேயே எச்சரிக்கும். அதுபோல வலது பக்கம் மருந்துக்கடையின் பச்சைப் பலகை, இடது பக்கம் ஒரு வேப்பமரம். இரண்டும் கடக்கும் இடத்திலிருந்து 120 மீட்டருக்குக் குறையாது. அந்தப் பலகையையோ மரத்தையோ தாண்டி இந்தப் பக்கம் ஒரு வண்டி வந்துவிட்டால் நாம் நிற்க வேண்டும். எவ்வளவு மெதுவாக வந்தாலும் சரி, நிற்க வேண்டும். பேத்திக்கு இது பிடித்துவிட்டது. கணக்குப் போட வேண்டாம், பச்சைப் பலகையைப் பார்த்தால் போதும்.

ஜூன் 13, வெள்ளி

கூட ஆள் சேர்ந்துவிட்டது. எதிர்வீட்டு இரட்டையர் இரண்டு பேர், இரண்டாம் வகுப்பு. கோவில் வாசலில் பூ விற்கும் அம்மாவின் பையன், ஐந்தாம் வகுப்பு. அவன் இவ்வளவு நாளும் தனியாகத்தான் நடந்து போயிருக்கிறான்! எங்களில் பாதையை நன்றாகத் தெரிந்தவன் அவன்தான். எந்தத் தெருவில் நாய் குரைக்கும், எந்த வீட்டுக் கேட்டிலிருந்து கார் பின்பக்கமாக வரும் என்பதெல்லாம் அத்துப்படி. நாய் வந்தால் ஓடாமல் அப்படியே நின்று, கையை மடக்கிக்கொண்டு, அதன் கண்ணைப் பார்க்காமல் மெதுவாக நகர வேண்டும் என்று அவனே மற்ற பிள்ளைகளுக்குச் செய்து காட்டினான்.

ஜப்பானில் பல ஊர்களில் தொடக்கப் பள்ளிப் பிள்ளைகள் இப்படித்தான் கூட்டமாக நடந்து போகிறார்கள், பெரிய வகுப்புப் பிள்ளை முன்னால் நடக்கும் என்று மகள் சொன்னாள். சரி, எங்களுக்கும் அவனே முன்னால். நான் கடைசியில், ரயிலின் பின்னால் போகும் கார்டு மாதிரி.

பையைத் தூக்கிப் பார்த்தேன். பேத்தியின் எடை 24 கிலோ, பை 4 கிலோவுக்கு மேல். மூன்றாம் வகுப்புக்கு இரண்டரைக் கிலோவைத் தாண்டக் கூடாது என்று 2020-இல் வந்த பள்ளிப் பை கொள்கை சொல்கிறது. முதுகில் கனம் இருந்தால் பிள்ளை குனிந்து நடக்கும், குனிந்தால் சாலை எப்படித் தெரியும்? வேண்டாத நோட்டுகளை எடுத்து வெளியே வைத்தோம்.

ஜூன் 17, செவ்வாய்

மேட்டூரை 12-ஆம் தேதி திறந்தார்கள். காவிரியில் தண்ணீர் வந்துவிட்டது. பிள்ளைகள் பார்க்க வேண்டும் என்று சாயங்காலம் திரும்பும்போது படித்துறை வரை கூட்டிப்போனேன். ஆட்டோவில் போயிருந்தால் இது கிடைக்குமா?

ஜூன் 24, செவ்வாய்

இன்று முக்கியமான ஒன்றைத் தொடங்கினேன். எஞ்சினில் அசிஸ்டென்டும் லோகோ பைலட்டும் ஒவ்வொரு சிக்னலையும் கையைத் தூக்கி, வாய்விட்டுச் சொல்லிக்கொள்ள வேண்டும். கண்ணால் பார்த்தால் மட்டும் போதாது. ராத்திரி மூன்று மணிக்குக் கண் திறந்திருக்கும், மனது எங்கோ போயிருக்கும். வாயால் சொல்லும்போதுதான் பார்த்தது மனதில் பதியும்.

பிள்ளைகளுக்கும் அதைச் சொல்லிக்கொடுத்தேன். ஓரத்தில் நிற்க வேண்டும். கையை நீட்டி "வலது காலி", அப்புறம் "இடது காலி", மறுபடியும் "வலது காலி". நாலு பேரும் சொன்ன பிறகுதான் கால் இறங்க வேண்டும். ஒருவர் "வண்டி!" என்று சொன்னாலும் எல்லோரும் நிற்க வேண்டும், முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். இரட்டையரில் சின்னவள் மிகவும் கூச்சப்படுபவள், வகுப்பில் வாயே திறக்க மாட்டாளாம். இன்று அவள் போட்ட "வண்டி!" சத்தத்துக்கு டீக்கடையில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். மனசு நிறைந்துவிட்டது.

ஜூலை 8, செவ்வாய்

எழுதக் கை வரவில்லை. கடலூர் பக்கம் செம்மங்குப்பத்தில் ரயில்வே கேட்டைக் கடந்த பள்ளி வேன் மீது பாசஞ்சர் ரயில் மோதி மூன்று பிள்ளைகள் போய்விட்டார்கள். காலையிலிருந்து டிவியில் அதுதான். எஞ்சினில் இருந்தவர்களை நினைத்தேன். பிள்ளைகளைப் பெற்றவர்களை நினைக்கத் தைரியம் வரவில்லை.

110 கிலோமீட்டர் வேகத்தில் போகும் எக்ஸ்பிரஸ், எமர்ஜென்சி பிரேக் போட்டாலும் ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர் ஓடித்தான் நிற்கும். விசில் அடிப்பதைத் தவிர நம் கையில் ஒன்றும் இருக்காது. அந்த விநாடிகளை நான் அனுபவித்திருக்கிறேன், மாட்டுக்காக, ஒருமுறை மனிதருக்காக. அது பற்றி வேண்டாம்.

சாயங்காலம் மகள் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "அப்பா, நாளைக்கும் நடந்தே போகட்டும்" என்று மட்டும் சொன்னாள்.

ஜூலை 15, செவ்வாய்

இன்று தவறு நடந்துவிட்டது. பாதிச் சாலையைக் கடந்திருந்தோம். எதிர்த்திசையில், வரக் கூடாத பக்கம் ஒரு பைக் வந்தது. இரட்டையரில் பெரியவளின் பை வாரில் ஹேண்டில்பார் மாட்டி அவள் விழுந்தாள். முழங்கால் சிராய்ப்பு, வேறு ஒன்றும் இல்லை. பைக்காரர் நிற்கவே இல்லை.

சொல்லிக்கொடுத்ததில் ஓட்டை இருந்தது. கிளம்பும்போது பார்க்கச் சொன்னேன், நடக்கும்போது பார்க்கச் சொல்லவில்லை. விதிப்படி வண்டி எந்தப் பக்கம் வருமோ அதை மட்டும் நம்பிவிட்டேன். அவள் வீட்டுக்குப் போய் நடந்ததை அப்படியே சொல்லி மன்னிப்புக் கேட்டேன். அவளுடைய அம்மா, "கொஞ்ச நாள் ஸ்கூட்டரில் கூட்டிட்டுப் போறேன் ஐயா" என்றார். சரி என்று வந்துவிட்டேன்.

நடப்பவர் கடக்கப் போட்ட வெள்ளைக் கோட்டுக்கு முன்னால் வண்டி நின்று வழிவிட வேண்டும் என்பது சட்டம். ஆனால் இங்கே அந்தக் கோடே அழிந்து, அங்கங்கே வெள்ளைப் பொட்டு மாதிரி கிடக்கிறது. கல்வி உரிமைச் சட்டம் வந்த பிறகு, ஒரு கிலோமீட்டருக்குள் தொடக்கப் பள்ளி இருக்க வேண்டும் என்று விதி செய்தார்கள். பிள்ளை நடந்து போகும் தூரம் என்றுதானே அந்தக் கணக்கு? தூரத்தை எழுதியவர்கள் அந்த ஒரு கிலோமீட்டர் எப்படி இருக்க வேண்டும் என்பதையும் எழுதியிருக்கலாம். கோடு போட்டுத் தரச் சொல்லி மனு எழுதினேன். மூன்று வீட்டிலும் கையெழுத்து வாங்கினேன். பிள்ளைகளும் போட்டார்கள்.

ஜூலை 18, வெள்ளி

இரட்டையர் திரும்பி வந்துவிட்டார்கள். அவர்களே அழுது கேட்டார்களாம். இப்போது நடுவில் வந்ததும் ஐந்தாம் வகுப்புப் பையன் "இடது! வலது!" என்பான், எல்லோரும் இரண்டு பக்கமும் தலையைத் திருப்புவார்கள்.

ஜூலை 24, வியாழன்

ஆடி அமாவாசை. விடியற்காலையிலிருந்தே அம்மா மண்டபத்தில் தர்ப்பணம் கொடுக்க ஜனம். வெளியூர் வேன்கள் ராஜகோபுரம் வரை வரிசையாக நிற்கின்றன. எங்கள் பச்சைப் பலகை கண்ணுக்கே தெரியவில்லை.

பேத்தி ஜூனிலிருந்தே கேட்டுக்கொண்டிருந்தாள், பெட்டியில் இருக்கும் என் சிவப்புக் கொடியை எடுத்து வரச் சொல்லி. முடியாது என்றே சொல்லிவந்தேன். சிவப்புக் கொடி காட்டினால் ரயில் நிற்க வேண்டும். அதை விளையாட்டுக்கு எடுத்துவிட்டால் அதற்கு மரியாதை போய்விடும். இன்று எடுத்தேன். ஆனால் நானாக நடுச்சாலையில் இறங்கி வண்டிகளை மறிக்கவில்லை. அங்கே பந்தோபஸ்துக்கு நின்ற போலீஸ்காரரிடம் போய், "தம்பி, நாலு பிள்ளைங்க கடக்கணும், அடையாளம் தெரியாம நிக்கிறோம்" என்றேன். அவர் விசில் ஊதி இரண்டு பக்கமும் நிறுத்தினார். ஓரத்தில் நான் கொடியை விரித்துப் பிடித்துக்கொண்டேன். பிள்ளைகள் வண்டி நின்றுவிட்டது என்று ஓடவில்லை. கையை நீட்டி, வலது, இடது, வலது, முழுசாகச் சொல்லிவிட்டுத்தான் இறங்கினார்கள். போலீஸ்காரர் விசிலை எடுத்துவிட்டு அவர்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஆகஸ்ட் 4, திங்கள்

நேற்று பதினெட்டாம் பெருக்கு. வீட்டில் எல்லோரும் ஆற்றுக்குப் போய்வந்தோம்.

மனுவுக்கு இன்னும் பதில் இல்லை. இந்த வாரமும் போய்க் கேட்க வேண்டும்.

காலையில் பிள்ளைகளிடம் சொல்லாமல் ஐம்பது எட்டு பின்தங்கி நடந்தேன். தெற்கு வீதித் திருப்பத்தில் பேத்தி ஒருமுறை திரும்பிப் பார்த்தாள், ஒன்றும் கேட்கவில்லை. அம்மா மண்டபம் சாலையில் இரண்டு முறை "வண்டி!" என்று நின்று, மூன்றாவது முறைதான் கடந்தார்கள். நான் இந்தப் பக்கமே நின்றுவிட்டேன். இந்த நோட்டின் கடைசிப் பக்கத்தில், பாதை தெரியும் என்று பேத்தியையும் அந்தப் பையனையும் கையெழுத்துப் போடச் சொல்லப் போகிறேன். இரட்டையருக்கு இன்னும் நாள் இருக்கிறது.

பக்கத்துச் சந்திலிருந்து ஒரு முதல் வகுப்புப் பிள்ளை நாளை முதல் வருகிறது. செவ்வாய், வியாழன் இரட்டையரின் அப்பா கூடப் போவதாகச் சொல்லியிருக்கிறார். திங்கள், புதன், வெள்ளி நான். புதுப் பிள்ளையின் உயரத்துக்குக் குந்தி, நாளை மறுநாள் வழியை இன்னொரு முறை பார்க்க வேண்டும்.